கேட்கக் கற்றுக்கொண்ட கதை

எங்கள் வீட்டு வாசற்படியில் கால் வைத்த விருந்தாளி, எழுபது வயதைக் கடந்த என் தாயாரைக் கண்டதும் தலையைச் சற்றே தாழ்த்தி, "குமுஸ்தா போ கயோ?" என்று கேட்டார். அந்த மூன்று சொற்களில் தாயாருக்கு விளங்கியது நடுவில் இருந்த ஒன்றுதான்.

"வந்ததும் வராததுமா என்னையப் போங்குறாரே, இது என்னப்பா கூத்து?" என்று அவர் என் முகத்தைப் பார்த்தார்.

உள்ளே கட்டிலில் படுத்திருந்த என் தம்பி சிரித்துவிட்டான். "அம்மா, அது அவுக ஊரு மரியாதை. நாம 'ங்க' போடுற இடத்துல அவுக 'போ' போடுவாக. 'நல்லா இருக்கீங்களா'ன்னு கேக்குறாரு" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது.

என் தம்பி 14 ஆண்டுகள் சவூதி அரேபியாவில் கட்டட வேலை பார்த்தவன். சென்ற ஆண்டு அவன் ஊர் திரும்பியபோது பெட்டியில் பேரீச்சம்பழம் இருந்தது, அத்தர் இருந்தது, பிள்ளைகளுக்கு மிட்டாய் இருந்தது. அவற்றோடு ஒரு மருத்துவ அறிக்கையும் இருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறையச் செயலிழந்துவிட்டன என்று அதில் எழுதியிருந்தது. இப்போது வாரத்தில் இரு நாள் டயாலிசிஸ். மற்ற நாள்களில் கட்டில்.

விருந்தாளியோ பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். மணிலாவை அடுத்த ரிசால் மாகாணத்தில் பிறந்தவர், கிறிஸ்தவர். தம்பியோடு ஒரே அறையில் ஒன்பது ஆண்டுகள் இருந்தவர். வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், நான்கு நாள் எங்களோடு தங்கித் தம்பியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

அவர் வருவதற்குப் பத்து நாள் முன்னதாகவே நான் மாணவனாகிவிட்டேன். இருபது ஆண்டுகளாக மத்ரஸாவில் பிறர் பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டக் கற்பித்துக்கொண்டிருந்தவன், நாற்பத்தாறாம் வயதில் தம்பியின் கட்டிலருகே முக்காலி போட்டு உட்கார்ந்து எழுத்துக் கூட்டினேன்.

தம்பியிடம் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டு இருந்தது. அறைத் தோழரிடம் கேட்டுக் கேட்டு அவன் தமிழ் எழுத்தில் எழுதிவைத்த பிலிப்பினோ மொழிச் சொற்கள் அதில் இருந்தன. நம் எழுத்தில் 'ப' ஒன்றுதானே? ஆகவே அழுத்தி ஒலிக்க வேண்டிய இடங்களில் எழுத்தின் கீழே ஒரு புள்ளி வைத்திருந்தான். அரபி எழுத்தில் 'பே'யின் கீழே புள்ளி வைக்க மத்ரஸாவில் படித்தது அங்கே கைகொடுத்திருக்கிறது.

"அவருக்குத்தான் ஆங்கிலம் வருமே, எனக்கும் பி.ஏ. வரலாறு படித்த அளவுக்கு வரும். இது எதற்கு?" என்று முதல் நாள் கேட்டேன்.

"ஆங்கிலத்துல கேட்டா அவரு 'நோ ப்ராப்ளம்'னு சொல்லிருவாரு அண்ணே. எங்க எல்லாருக்கும் அது பழகிப்போச்சு. மேஸ்திரிகிட்டச் சொல்ற மொழி அது. உண்மையக் கேக்கணும்னா அவரு மொழியில கேளுங்க" என்றான்.

பாடம் கேள்விச் சொற்களில்தான் தொடங்கியது. அந்நிய மண்ணில் இறங்குகிறவனுக்கு முதலில் வேண்டியவை விடைகள் அல்ல, வினாக்கள். 'அனோ' என்றால் என்ன. 'சீனோ' என்றால் யார். 'கைலான்' எப்போது. 'பஆனோ' எப்படி. 'எங்கே' என்பதற்கு மட்டும் இரண்டு சொற்கள்: ஒரு பொருளோ ஆளோ எங்கே இருக்கிறது என்று கேட்க 'நஸஆன்', எங்கே போகிறாய், எங்கே வேலை செய்கிறாய் என்று செயலைக் கேட்க 'ஸஆன்'.

'ஆம்' என்பதற்கு 'ஓஓ'. 'இல்லை' என்பதற்கு என்ன சொல் தெரியுமா வாசக அன்பர்களே? 'ஹிந்தி'! இதைச் சொல்லும்போது தம்பிக்கு மூச்சு வாங்கும் அளவுக்குச் சிரிப்பு. 1965-இல் நம் மாணவர்கள் தெருவில் இறங்கிச் சொன்னதை அந்த நாட்டார் அன்றாடம் ஒரே சொல்லில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் போலும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற சொற்கள்தாம். ஆயினும் ஒரு தமிழன் இந்தச் சொல்லை மறக்கவே மாட்டான்.

அரபி இலக்கணம் கற்பிக்கிறவனுக்கு இன்னொன்றும் சுவைத்தது. ஒரு வாக்கியத்தை வினாவாக்க அரபியில் 'ஹல்' என்ற சொல்லைத் தலையில் வைப்போம். தமிழில் 'ஆ' என்ற எழுத்தை வாலில் வைப்போம்; வந்தான், வந்தானா. பிலிப்பினோவிலோ 'பா' என்ற சிறு சொல் பெரும்பாலும் முதற்சொல்லை ஒட்டி நடுவில் வந்து உட்காருகிறது. "குமாயின் கா நா பா?" என்றால் 'நீ சாப்பிட்டாயா?' என்று பொருள். அங்கும் சந்தித்ததும் கேட்கிற வினா இதுவே. இன்னொன்று, "ஸஆன் கா புபுந்தா?" அதாவது, 'எங்கே போகிறாய்?' நம் ஊர்த் தெருவிலும் எதிரே வருகிறவரை இப்படித்தானே விசாரிக்கிறோம்? அதற்கு அவர்கள் சொல்லும் விடையும் நம் விடைதான்: "ஜான் லாங்." 'இந்தா இங்கனதான்' என்று பொருள்.

'கா' என்றால் நீ; 'கயோ' என்றால் நீங்கள். பெரியவர் ஒருவராயினும் பன்மையில் அழைப்பது அங்கும் பண்பு. எனக்கு மிகவும் வியப்பளித்தது 'நாம்', 'நாங்கள்' என்னும் வேறுபாடு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அரபியிலும் 'நஹ்னு' ஒன்றுதான். பிலிப்பினோவிலோ கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் 'தாயோ', கேட்பவரை விலக்கிச் சொன்னால் 'காமி'. கடலுக்கு அப்பால் வேறொரு குடும்பத்தில் பிறந்த மொழி; அதற்கும் நமக்கும் இந்த நுட்பம் பொது. கலந்து வாழும் மக்களுக்கு, யாரைச் சேர்த்துக்கொள்கிறோம், யாரை விலக்குகிறோம் என்று தெளிவாகச் சொல்லும் தேவை இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

தம்பியின் நோட்டில் அடிக்கடி புரட்டப்பட்டு மடங்கிப்போன பக்கம் ஒன்று உண்டு. 'எத்தனை' என்பதற்கு 'இலான்', 'எவ்வளவு' என்பதற்கு 'காஆனோ' என்று எழுதி, அவற்றின் கீழே பெரிய எழுத்தில் 'மக்கானோ' என்று எழுதியிருந்தான். என்ன விலை, எவ்வளவு பணம் என்று கேட்பதற்காகவே அமைந்த தனிச்சொல் அது. பணத்தைத் தவிர வேறெதையும் அச்சொல்லால் கேட்க முடியாது.

பத்தாம் நாள் நோட்டை முழுதும் புரட்டிவிட்டு, "எல்லாம் இருக்கிறது, 'ஏன்' என்பது மட்டும் இல்லையே?" என்றேன்.

"வேலை செய்ற இடத்துல அது தேவைப்படலண்ணே" என்றான் தம்பி. சற்றுப் பொறுத்து, "பாக்கித்" என்று சொல்லிக் கொடுத்தான். எனக்கு அந்தச் சொல் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

பிலிப்பினோ என்பது அந்நாட்டின் தேசிய மொழி. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கும் அத்தீவுக் கூட்டத்தில், மணிலாப் பகுதியின் தகாலோகு மொழியை அடிப்படையாகக் கொண்டு ஒரு தேசிய மொழியை அமைப்பதென 1937-இல் குடியரசுத் தலைவர் மானுவேல் கேசோன் அறிவித்தார். 1959-இல் அதற்குப் 'பிலிப்பினோ' என்று பெயரிட்டார்கள். 1987-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் இன்றைய வடிவில் அப்பெயரை உறுதி செய்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் ஸ்பெயின் ஆண்டதால் ஸ்பானியச் சொற்கள் அதில் ஏராளம். 'குமுஸ்தா' என்பதே 'எப்படி இருக்கிறீர்' என்னும் ஸ்பானியத் தொடரின் திரிபுதான். அதற்கும் முன்பே மலாய் வணிகர் வாயிலாக நம் பக்கத்துச் சொற்கள் அங்கே சென்று சேர்ந்துவிட்டன. ஆசிரியருக்கு 'குரோ', அது நம் குரு. மாம்பழத்துக்கு 'மங்கா', அது நம் மாங்காய். நன்றி சொல்ல 'சலாமத்'. அது அரபி மண்ணில் பிறந்து மலாய் வழியே நடந்து சென்ற சொல். அந்நாட்டின் தென்கோடியில், மிந்தனாவோ தீவிலும் சூலுத் தீவுகளிலும், நூற்றாண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். சிமுனுல் தீவில் 1380-இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது என்பது அவர்களது மரபு வழிச் செய்தி.

விருந்தாளி வந்த அன்று மாலை, நான் படித்த வரலாற்றுக்கு அவர் ஒரு பாடம் சேர்த்தார். தம் ஊருக்குப் பக்கத்தில் கைந்தா என்றோர் ஊர் உண்டென்றும், அங்கே சிலருடைய முகச்சாயல் எங்களைப் போல் இருக்கும் என்றும் சொன்னார். அவர் சொன்னது உண்மையே. 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடிக்கச் சென்னையிலிருந்துதான் கப்பல் ஏறினார்கள். வில்லியம் டிரேப்பர் தலைமையில் சென்ற அந்தப் படையில் நம் நாட்டுச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர் மணிலாவை விட்டுத் திரும்பியபோது சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. கைந்தாவில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, அவ்வூராரே ஆகிவிட்டார்கள். அந்த மனிதர்கள் முதன்முதலாக அந்த மண்ணில் கேட்ட கேள்வி எதுவாக இருந்திருக்கும்? தண்ணீர் எங்கே என்பதா? வீட்டுக்கு வழி எது என்பதா? அவர்களுக்கு நோட்டு எழுதிக் கொடுக்க ஓர் அறைத் தோழன் இருந்தானோ இல்லையோ!

இரண்டாம் நாள் விருந்தாளி ஒரு விருப்பம் சொன்னார். தம்பி ஒன்பது ஆண்டுகளாக ஒரு மலையூரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தானாம். பாலைவனத்துச் சூட்டில் இரவு உறக்கம் வராதபோதெல்லாம் அவ்வூரின் குளிரைப் பற்றிச் சொல்வானாம். அந்த வெள்ளகவியைப் பார்க்க வேண்டும் என்றார்.

எங்கள் அத்தா பெரியகுளத்தில் சிறு வியாபாரி. வெள்ளகவியில் விளைகிற காப்பிக்கொட்டையும் எலுமிச்சையும் வாங்கிக் குதிரை மேல் ஏற்றிக் கும்பக்கரை வழியாகக் கீழே கொண்டுவருவார். பள்ளி விடுமுறையில் எங்கள் இருவரையும் அழைத்துப் போவார். எனக்குக் கால் வலிக்கும். தம்பியோ குதிரைக்கு முன்னால் ஓடுவான். இன்று அவனால் வாசல் வரை நடக்க முடியாது. "நீங்க கூட்டிட்டுப் போங்கண்ணே. நான் போன மாதிரிதான்" என்றான்.

விடிகாலைப் பேருந்தில் கொடைக்கானல் சேர்ந்து, வட்டக்கானலில் இறங்கி, டால்பின் நோஸ் பாறையைக் கடந்து நடந்தோம். அதற்குப் பிறகு நாங்கள் போனது ஒற்றையடிப் பாதை. கல்லும் வேருமாய் இறங்கிக்கொண்டே இருந்தது. மலைச்சாலை வருவதற்கு முன்னர் பெரியகுளம் பக்கத்திலிருந்து கொடைக்கானலுக்கு மக்கள் ஏறிச்சென்ற பழைய தடம் இது. 1821-இல் பழனி மலையை அளக்க வந்த லெப்டினன்ட் வார்டு, வெள்ளகவியைத்தான் தம் இருப்பிடமாகக் கொண்டு அங்கிருந்து கொடைக்கானலுக்கு ஏறினார். கொடைக்கானல் என்ற நகரமே உருவாகாத காலம் அது. அந்த அளவைக்காரரும் இந்தக் குன்னுவ மக்களிடம் இந்த ஓடைக்கு என்ன பெயர், எத்தனை வீடு, எங்கே போகிறது இந்த வழி என்றெல்லாம் கேட்டுத்தானே தம் வரைபடத்தை நிரப்பியிருக்க வேண்டும்?

வழியில் சுமைக் குதிரைகளோடு ஏறி வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார். "எங்கிட்டுப் போறீக?" என்றார்.

நான் விருந்தாளியிடம் திரும்பி, "ஸஆன் கா புபுந்தா" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. பெரியவரைப் பார்த்து மலர்ந்த முகத்தோடு, "ஜான் லாங் போ!" என்றார். பெரியவர் திகைத்தார். நான் பொருள் சொன்னதும், "அட, நம்மளப் போலத்தான் சொல்றாரு" என்று குதிரையைத் தட்டிக்கொண்டு ஏறினார்.

வெள்ளகவியின் எல்லையில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் முழுவதையும் கோயிலாகக் கருதுவதால் அங்கே யாரும் காலணி அணிவதில்லை. வெளியூரார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை விருந்தாளிக்கு எப்படி விளக்குவது என்று நான் சொற்களைத் தேடுவதற்குள், ஊர்ப் பிள்ளைகளின் வெறுங்காலைப் பார்த்தவர் தாமே குனிந்து காலணியைக் கழற்றினார். தம் நாட்டிலும் வீட்டுக்குள் நுழையுமுன் காலணியை வாசலில் விட்டுவிடுவது வழக்கம் என்றார். ஒருவர் வாசலை மதிப்பதற்கு அவருடைய வழிபாட்டில் நாம் பங்கு கொள்ள வேண்டியதில்லை. அவர் வீட்டுப் பண்பை அறிந்தால் போதும். இதை எங்கள் அத்தா எனக்குச் செய்து காட்டியிருக்கிறார்.

ஒரு வீட்டுத் திண்ணையில் எங்களை உட்காரச் சொல்லிக் கடுங்காப்பி கொடுத்தார்கள். அவர்கள் கொல்லையிலேயே விளைந்து, வறுத்து, இடித்த தூள். விருந்தாளி ஒரு வாய் குடித்துவிட்டு, "கப்பே!" என்றார். அவர்கள் மொழியில் பழஞ்சொற்களுக்கு உதடும் பல்லும் உரசுகிற அந்த ஒலி கிடையாது; நாட்டின் பெயரையே 'பிலிப்பினாஸ்' என்று 'ப' போட்டுத்தான் சொல்வார்கள். காப்பியை 'ப' போட்டுச் சொல்வதில் நாங்கள் உறவினர் ஆனோம். பிறகு அவர் வீட்டுக்கார அம்மாளைப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று தமிழில் கேட்டாரே பார்க்கலாம்! தெருவே கூடிவிட்டது. தம்பி கற்றுக்கொடுத்த தமிழ் அது. தம்பியின் நோட்டைப் போல இவரிடமும் ஒரு நோட்டு இருந்திருக்கிறது.

அத்தாவை நினைவு வைத்திருந்த முதியவர் ஒருவர், "ராவுத்தர் மகனா? சின்னவன் எப்படி இருக்கான்?" என்று விசாரித்தார். நான் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, நோயாளியை இறக்க வேண்டுமானால் டோலி கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு மலை இறங்கிய நாள்களைச் சொன்னார். "இங்க ஒருத்தன் ரெண்டு நாள் திண்ணைக்கு வரலைன்னா, ஏன் வரலைன்னு போய்க் கேட்டுருவோம். கேக்காம விட்டா, தூக்குறதுக்கும் நேரமில்லாமப் போயிரும் தம்பி" என்றார்.

அவர் சொன்னது எனக்காகச் சொன்னதன்று. ஆயினும் அது என்னோடு மலை இறங்கியது.

வெள்ளகவியைத் தாண்டிக் கும்பக்கரை நோக்கி இறங்குகையில், கீழே பெரியகுளத்துச் சமவெளி விரியும் ஒரு பாறையில் இளைப்பாறினோம். பத்து நாளாய் நாவில் வைத்திருந்த கேள்வியை அங்கேதான் எடுத்தேன். என் உச்சரிப்பு தடுமாறியது.

"பாக்கித் ஹிந்தி நியா சினாபி?"

'ஏன் அவன் சொல்லவில்லை?' என்று பொருள். இரண்டு ஆண்டுகளாக நோய் தின்றிருக்கிறது. எங்களிடம் ஒரு சொல் சொல்லவில்லையே, ஏன்?

அவர் உடனே விடை சொல்லவில்லை. முதலில் நடந்ததைச் சொன்னார். பாதி அவர் மொழி, பாதி ஆங்கிலம். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று விதி உண்டு. ஆனால் காலைச் சூடும் மாலைச் சூடும் எவ்விதிக்கும் கட்டுப்படுவதில்லையே. குடிக்கும் தண்ணீர் வியர்வையாகப் போய்விடும். அடிக்கடி இறங்கி ஏற வேண்டியிருக்குமே என்று உயரத்தில் வேலை செய்வோர் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள். வலிக்கு மாத்திரை, மறுநாள் வேலை. இப்படி ஆண்டுக்கணக்கில் போனால் சிறுநீரகம் என்னாகும் என்பதை மருத்துவர்கள் சொல்லி நாம் அறிவோம். தம்பியின் கால்கள் வீங்கத் தொடங்கியதை முதலில் கண்டவர் இவர்தாம். "மசகித் பா?" வலிக்கிறதா என்று கேட்டிருக்கிறார். தம்பி "ஹிந்தி" என்றிருக்கிறான். "தலகா?" மெய்யாகவா என்று மறுபடி கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகே தம்பி உட்கார்ந்து அழுதிருக்கிறான். மருத்துவரிடம் இழுத்துச் சென்றவரும் இவரே.

"வீட்டுக்குச் சொல் என்று நானும் பலமுறை சொன்னேன்" என்றவர், பிறகு தம்பி தம்மிடம் சொன்ன விடையை, தம்பி சொன்ன மொழியிலேயே சொன்னார்.

"வலாங் நக்தானோங் போ."

என் மனம் கலங்குமோ என்று அஞ்சிக் கடைசியில் ஒரு 'போ'வைச் சேர்த்தார். ஆங்கிலத்தில் பொருள் சொல்ல வாயெடுத்தார், தேவைப்படவில்லை. 'தானோங்' என்றால் கேள்வி என்பது நோட்டின் முதற்பக்கத்திலேயே இருந்தது. 'வலா' என்றால் இல்லை.

யாரும் கேட்கவில்லை.

உண்மைதானா? 14 ஆண்டுகளில் வெள்ளிக்கிழமை தவறாமல் பேசினோமே! பாறையில் உட்கார்ந்தபடியே அந்த வெள்ளிக்கிழமைகளை எண்ணிப் பார்த்தேன். அம்மா, "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேன்" என்பான். பிறகு பேசி என் கைக்கு வரும். தங்கை மகள் திருமணத்துக்கு எவ்வளவு அனுப்புவாய்? வீட்டுக்குத் தளம் போட எவ்வளவு வேண்டும் தெரியுமா? என் மகன் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி வருகிறது, எப்போது அனுப்புவாய்? அடுத்த விடுமுறை எப்போது? மத்ரஸா ஆசிரியரின் ஊதியத்தில் ஒரு குடும்பம் எப்படி ஓடும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள். ஓட்டியவன் அவன். நோட்டில் எத்தனையோ கேள்விச் சொற்கள் இருந்தன. நான் தொலைபேசியில் தமிழில் பயன்படுத்தியவை 'மக்கானோ', 'கைலான்' ஆகிய இரண்டு மட்டுமே. எவ்வளவு? எப்போது?

நலமா என்று நான் கேட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. கேட்டிருக்கிறேன். ஆனால் 'நலம்' என்ற விடையை எதிர்பார்த்துக் கேட்டேன். அவனும் அதையே கொடுத்தான். அறைத் தோழர் கேட்ட இரண்டாவது கேள்வியை, 'மெய்யாகவா?' என்பதை, நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மத்ரஸாவிலும் நான் இப்படித்தான் இருந்திருக்கிறேன் என்பது அந்த இறக்கத்தில் நடக்கையில் உறைத்தது. ஒப்புவி என்பேன், ஒப்புவிப்பார்கள். குறுக்கே "ஏன் ஹஜ்ரத்?" என்று எழுகிற பிள்ளையை, "முதல்ல பாடத்தை முடி" என்று உட்கார வைத்திருக்கிறேன். விடை சொல்லத் தெரிந்த பிள்ளைகளை வளர்த்தேன். கேட்கத் தெரிந்தவர்களை வளர்த்தேனா?

அன்று இரவு இஷாத் தொழுகை முடிந்து வந்து தம்பியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். வெள்ளகவியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சை ஒன்றைக் கையில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தான். டயாலிசிஸ் செய்துகொள்கிறவனுக்குக் குடிக்கிற தண்ணீரும் அளவுதான், ஆகவே முகர்ந்தான்.

"குமுஸ்தா கா?" என்று கேட்டேன்.

சிரித்தான். "மபூத்தி" என்றான். நலம்.

"தலகா?"

எலுமிச்சையை உருட்டிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. கூரையைப் பார்த்தபடி இருந்தான். பிறகு பேசத் தொடங்கினான். சுப்ஹுக்குப் பாங்கு சொல்லும் வரை பேசினான். அவன் சொன்னவை எங்கள் இருவருக்கும் உரியவை; இங்கே எழுதமாட்டேன். நான் இடையில் விடை எதுவும் சொல்லவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. அவன் நிறுத்திய இடங்களில் அடுத்த கேள்வியை மட்டும் கேட்டேன்.

நான்காம் நாள் விருந்தாளி புறப்பட்டார். இரு நண்பர்களும் ஒருவர் கையை மற்றவர் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்கள். இனி சந்திப்போமா என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க வேண்டாத கேள்விகளும் உண்டு. வாசலில் அம்மா அவர் தலையைத் தொட்டு, தாம் கற்றுக்கொண்ட ஒரே சொல்லையும் சேர்த்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க, போ!" என்றார்.

அன்பு வாசகர்களே, இந்த இதழ் போய்ச் சேரும் இல்லங்கள் பலவற்றில் கடல் கடந்த ஒருவர் இருப்பார். மகனாக, கணவராக, தந்தையாக. அவருக்கு அடுத்தமுறை பேசும்போது பணக்கணக்கைச் சற்றுப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கால் வீங்குகிறதா, தண்ணீர் எவ்வளவு குடிக்கிறாய், இரவில் உறங்குகிறாயா, பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் யார், அவர் எப்படிப்பட்டவர் என்று கேளுங்கள். 'நல்லா இருக்கேன்' என்று விடை வரும். அதோடு விட்டுவிடாதீர்கள். 'மெய்யாகவா?' என்று இன்னொரு முறை கேளுங்கள். அறைத் தோழரின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளையின் முகத்தை அன்றாடம் பார்க்கிறவர் அவர்தாம்.

என் மத்ரஸாவில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறேன். வியாழக்கிழமை தோறும் பாடத்தை ஒப்புவித்து முடிந்ததும், ஒவ்வொரு பிள்ளையும் என்னிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். முதல் வாரம் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். இரண்டாம் வாரம் கடைசி வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து நின்றான்.

"ஹஜ்ரத், உங்க தம்பிக்கு இப்ப எப்படி இருக்கு?"

ஊரில் பெரியவர் எவரும் அதுவரை என்னிடம் அதைக் கேட்டிருக்கவில்லை. அவனைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்து, உள்ளபடியே விடை சொன்னேன்.